தொடை மொத்தப் பாம்பு: பார்த்தவர் சொல்லும் அளவைப் புரிந்துகொள்வது எப்படி

"தொடை மொத்தம் இருந்துச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால்."

மலை அடிவார ஊர்களில் மழை பிடித்தவுடன் டீக்கடைக்கு வந்து சேரும் செய்தி இது. தொடை மொத்தம் என்றால் தொடையளவு பருமன். கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி அப்படியே நம்பும், மறு கட்சி சிரித்து ஒதுக்கும். இரண்டுமே அவசரம். அந்த வாக்கியத்துக்குள் ஒரு அளவுகோல் இருக்கிறது, அதுதான் ரோடு. ஒருவழித் தார்ச்சாலையின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர், அதாவது 12 அடியும் சொச்சமும். ஊருக்குள் போகும் சின்னச் சாலைகள் 3 மீட்டரே இருக்கும். அதைக் குறுக்காக அடைத்துக் கிடந்த பாம்பு 10 முதல் 12 அடி. தமிழ்நாட்டில் அந்த நீளத்துக்கு மலைப்பாம்பு உண்டு. ஆக, சொன்னவர் பொய் சொல்லவில்லை. அதே பேச்சு இருவழி நெடுஞ்சாலையைப் பற்றியது என்றால், அதன் அகலம் 7 மீட்டர், 23 அடி. அந்த அளவுப் பாம்பு நம் காடுகளில் கிடையாது. எனவே முதலில் கேட்க வேண்டியது "நிஜமா?" என்பதல்ல, "எந்த ரோடு?" என்பதே.

பெரிய பாம்பு பற்றிய பேச்சு முழுவதையும் இப்படித்தான் அணுக வேண்டும். கண் பார்த்தது, பயம் கூட்டியது, ஊர்க்கதை சேர்த்தது என எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன. அவற்றைப் பிரித்து எடுக்கக் கற்றுக்கொண்டால் கதையும் மிஞ்சும், அளவும் மிஞ்சும்.

நம் ஊரில் எந்தப் பாம்பு எவ்வளவு வளரும்

ஒரு செய்தி நம்பத்தக்கதா என்று பார்க்க, அந்த ஊரில் எது எவ்வளவு வளரும் என்பது முதலில் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் "பெரிய பாம்பு" என்ற பெயரை வாங்குபவை நான்குதான்.

மலைப்பாம்பு. இலங்கைத் தமிழர் வெங்கிணாந்தி என்பார்கள். பெயரில் மலை இருந்தாலும் குன்று, புதர்க்காடு, ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், வாழைத் தோட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். வளர்ந்தது சுமார் 3 மீட்டர், அதாவது 10 அடி. 4 மீட்டரைத் தாண்டுவது அரிது. பெண்தான் பெரிது. நஞ்சு கிடையாது.

ராஜநாகம். உலகின் நஞ்சுள்ள பாம்புகளில் இதைவிட நீளமானது இல்லை. 3 முதல் 4 மீட்டர் வரை வளரும். ஆனால் மலைப்பாம்பைப் போலப் பருமன் இராது. ஆனைமலை, நீலகிரிச் சரிவுகள், களக்காடு, முண்டந்துறை போன்ற ஈரமான மலைக்காடுகளே இதன் இடம். இலங்கையில் இது இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ராஜநாகம் பார்த்தேன் என்றால் அது வேறு பாம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டு, "காளிங்கா" என்ற பெயரைப் பெற்றது.

சாரை. ஏழெட்டு அடி வரை வளரும். வேகமாக ஓடும், நஞ்சு இல்லை. சமவெளியில் "பத்தடி நல்ல பாம்பு" என்று வரும் செய்திகளில் கணிசமானவை சாரையில் போய் முடிகின்றன.

நல்ல பாம்பு. பெரும்பாலும் 1 முதல் 1.5 மீட்டர்தான். இரண்டு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். படம் எடுத்து நிற்கும்போது பார்ப்பவர் மனதில் அது இரண்டு மடங்காகி விடுகிறது.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். "கருநாகம்" என்ற சொல்லைச் சில ஊர்களில் கறுத்த நல்ல பாம்புக்கும், சில ஊர்களில் ராஜநாகத்துக்கும் சொல்கிறார்கள். ஒருவர் கருநாகம் என்றால், கழுத்துப் படத்தின் பின்பக்கம் கண்ணாடி போன்ற குறி இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் நல்ல பாம்பு. ஆனால் குறி மங்கிய நல்ல பாம்பும் உண்டு, அதனால் குறி இல்லை என்பது மட்டும் ராஜநாகத்துக்கு ஆதாரமாகாது. படம் குறுகி நீண்டிருந்ததா, உடலில் வெளிறிய பட்டைகள் தெரிந்தனவா என்றும் கேட்க வேண்டும்.

ராஜநாகம் தன் உடலில் மூன்றில் ஒரு பங்கை நிமிர்த்தும். 4 மீட்டர்ப் பாம்பு எழுந்தால் சுமார் 1.3 மீட்டர், நெஞ்சளவு. "ஆள் உயரத்துக்கு எழுந்து நின்னுச்சு" என்றால் அந்தப் பாம்பு 5 மீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உலகில் அளந்து பதிவான மிக நீளமான ராஜநாகமே 6 மீட்டரைத் தொடவில்லை. அது மலேயாவில் போர்ட் டிக்சன் அருகே 1937-இல் பிடிபட்டு, லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 5.71 மீட்டர் வரை வளர்ந்தது.

கண் ஏன் கூட்டிச் சொல்கிறது

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் நடுக்கம் மட்டுமே காரணம் என்று எண்ணக் கூடாது. பயமே இல்லாத, பாம்பு பழகியவர்கள்கூடப் பார்வையால் மட்டும் நீளம் சொன்னால் தவறுகிறார்கள். பாம்பின் உடலில் நம் கண் பிடித்துக்கொள்ள ஒரு மூட்டோ காலோ இல்லை. நாயைப் பார்த்தால் கால் உயரத்தை வைத்துக் கணிக்கிறோம். பாம்பு ஓடும் கோடு மட்டுமே. அது வளைந்து வளைந்து ஓடும்போது, ஒரே உடலைக் கண் இரண்டு தடவை எண்ணுகிறது.

தண்ணீரில் இன்னும் மோசம். நீந்தும் பாம்பின் பின்னால் நீரில் ஓர் அலைக்கோடு நீளும். மாலை வெளிச்சத்தில் அந்தக் கோடும் வாலாகத் தெரியும். ஏரியில் "இருபதடிப் பாம்பு" என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

சாரைகளின் சண்டையும் ஏமாற்றும். இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலெழுந்து ஆடும். இதைத்தான் ஊரில் "சாரையும் நாகமும் பிணையுது" என்பார்கள். புல் மறைத்திருந்தால் இரண்டு உடலும் ஒரே பருத்த உடலாகத் தெரியும்.

இரை விழுங்கியிருந்தால் பருமன் பற்றிய கணிப்பு முழுக்கப் போய்விடும். ஆட்டுக்குட்டி விழுங்கிய 9 அடி மலைப்பாம்பின் நடு உடல், பசியோடு இருக்கும் 12 அடிப் பாம்பைவிடத் தடித்துக் காட்டும்.

மொத்தம், தண்டி, முழம்: சொல்லை எண்ணாக்குவது

ஊர் வழக்கில் நீளத்துக்கு முழம், பாகம் என்றும், பருமனுக்கு மணிக்கட்டு மொத்தம், உலக்கை மொத்தம், தொடை மொத்தம், பனைமரம் தண்டி என்றும் சொல்வார்கள். இவற்றை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். இவையும் அளவுகள்தான். முழம் சுமார் ஒன்றரை அடி. இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. இரண்டு பாகம் என்றால் 12 அடி. "இரண்டு பாகம் இருக்கும்" என்று கையை விரித்துக் காட்டியவரின் கணிப்பு, "இருபது அடி" என்று வாயால் சொன்னவரின் கணிப்பைவிடப் பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும். கை, பார்த்ததை நினைவில் வைத்திருக்கிறது.

பருமனில் ஒரு கண்ணி இருக்கிறது. "ஒரு அடி மொத்தம்" என்றால் சுற்றளவு ஒரு அடியா, குறுக்களவு ஒரு அடியா? சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது நல்ல வளர்ந்த மலைப்பாம்புக்குப் பொருந்தும். குறுக்களவே 30 சென்டிமீட்டர் என்றால், அது நம் ஊரில் இல்லாத விலங்கு. தொடை மொத்தம் என்பதைச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்று வைத்தால் குறுக்களவு 16 சென்டிமீட்டர் வரும். இரை விழுங்கிய பெரிய மலைப்பாம்பின் நடு உடலில் அது நடக்கக்கூடியதே. பனைமரம் தண்டி என்பது மட்டும் உவமை. அதை அளவாக எடுக்க வேண்டாம்.

எடைக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். உடல்வாகு மாறாமல் நீளம் இரட்டித்தால் எடை இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். 3 மீட்டர்ப் பாம்பு 12 கிலோ என்றால், அதே வாகில் 6 மீட்டர்ப் பாம்பு 96 கிலோ. "இருபதடிப் பாம்பை ஒருத்தர் கோணிப்பையில் போட்டுத் தோளில் தூக்கிட்டுப் போனார்" என்று யாராவது சொன்னால், அந்தச் செய்தி தன்னையே மறுத்துக்கொள்கிறது.

பாம்பு போன பிறகு அளப்பது

பாம்பு போய்விட்டது, பார்த்தவர் மட்டும் இருக்கிறார். இதுதான் வழக்கமான நிலை. அப்போதும் நல்ல அளவு எடுக்கலாம்.

அவரை அதே இடத்துக்கு அழைத்துப் போங்கள். அன்று அவர் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். தலை இருந்த இடத்தில் ஒரு கல், வால் இருந்த இடத்தில் ஒரு கல் வைக்கச் செய்து, இடையே நாடா பிடியுங்கள். பாம்பு வளைந்து கிடந்தது என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து, அவர் சொல்லும் வளைவில் தரையில் போட்டு, பிறகு குழாயை நீட்டி அளக்க வேண்டும். முக்கியமான ஒன்று: நாடாவை முன்பே காட்டக் கூடாது, எண்ணையும் நாம் சொல்லக் கூடாது. "பன்னிரண்டடி இருக்குமா?" என்று கேட்டாலே, அவர் நினைவில் பன்னிரண்டு ஒட்டிக்கொள்ளும்.

தலையையும் வாலையும் ஒருசேரப் பார்த்தாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். புதரில் இருந்து வெளியே தெரிந்தது 6 அடி, "உள்ளே இன்னும் அவ்வளவு இருந்திருக்கும்" என்று சேர்த்து 12 அடி ஆக்குவது எல்லா ஊரிலும் நடக்கும். பார்த்தது 6 அடி என்றே எழுத வேண்டும்.

அருகில் மாறாத அளவுள்ள பொருள் இருந்தால் வேலை சுலபம். அகல ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1.676 மீட்டர், அதாவது ஐந்தரை அடி. செங்கல்லின் நீளம் 9 அங்குலத்தை ஒட்டி இருக்கும். வேலிக்கல் இடைவெளி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அதை அளந்த பிறகே நம்ப வேண்டும்.

சுருண்டு படுத்திருந்த பாம்புக்கு வேறு கணக்கு. எத்தனை சுற்று, வெளிச் சுற்றின் குறுக்களவு என்ன, உள் சுற்றின் குறுக்களவு என்ன என்று கேளுங்கள். வெளியே 40 சென்டிமீட்டர், உள்ளே 20 என்றால் சராசரி 30. அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்று 94 சென்டிமீட்டர். மூன்று சுற்று என்றால் 2.8 மீட்டர், 9 அடிக்குச் சற்று மேல். ஒரு கூடை அளவில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர் சாதாரணமாக 15 அடி என்பார்.

தூசி படிந்த வண்டிப்பாதையில் தடம் விழுந்திருந்தால் அது எந்தப் பாம்பு என்று ஓரளவு சொல்லிவிடும். சாரையும் நாகமும் நெளிந்த கோட்டை விட்டுப்போகும். பருத்த மலைப்பாம்பு அவசரமில்லாதபோது வயிற்றுச் செதில்களை ஊன்றி நேர்கோட்டில் நகரும், மூட்டை இழுத்த மாதிரி ஒரு பட்டை விழும். பட்டையின் அகலம் வயிற்றின் அகலத்தை ஒட்டியது. ஆனால் தடத்தின் நீளம் பாம்பின் நீளம் அல்ல. அது பாம்பு நடந்த தூரம்.

இந்தத் தடம் பார்க்கும் கலையில் இருளர்களை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட 2017-இல் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான் அழைத்தார்கள். 16 அடிப் பெண் பாம்பு ஒன்றும் அவர்கள் பிடித்தவற்றில் அடக்கம். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் தேடியது பாம்பை அல்ல. எச்சம், உரித்த சட்டை, புல் மடிந்த விதம் ஆகியவற்றைத் தேடினார்கள். பாம்பு அதன் முடிவில் இருந்தது.

பாம்புச் சட்டை சொல்வதும் மறைப்பதும்

உரித்த சட்டை நல்ல ஆதாரம். ஆனால் அது எப்போதும் பாம்பைவிட நீளம். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் மெல்லிய தோலும் உரியும்போது விரிந்துவிடுவதால் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடும், சில சமயம் அதற்கு மேலும். 12 அடிச் சட்டை என்றால் பாம்பு 10 அடியை ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். பதனிட்ட தோல் இன்னும் ஏமாற்றும். ஈரத்தில் இழுத்து ஆணி அடித்துக் காயவைத்தால், பார்வைக்கு உருக்குலையாமலே நாலில் ஒரு பங்கு வரை நீண்டுவிடும். பழைய ஜமீன் மாளிகைச் சுவரில் தொங்கும் தோலை அளந்து "அந்தக் காலத்துப் பாம்பு" என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

எந்தப் பாம்பின் சட்டை என்பதைச் செதில் வரிசை எண்ணியே கண்டுபிடிக்கலாம். சட்டையின் நடுப்பகுதியை எடுங்கள். வயிற்றுப் பக்கத்து அகலச் செதிலை விட்டுவிட்டு, அதன் ஒரு ஓரத்தில் தொடங்கி முதுகைத் தாண்டி மறு ஓரம் வரை சாய்வாக எண்ணுங்கள். ராஜநாகத்துக்கு 15 வரிசை, சாரைக்கு 16 அல்லது 17, நல்ல பாம்புக்கு 21-ஐ ஒட்டியும் மேலும் வரும். மலைப்பாம்புக்கு 55-க்கு மேல் போகும், எண்ணி முடிக்கவே பொறுமை வேண்டும். பத்தடிச் சட்டையில் 15 வரிசைதான் வந்தது என்றால் அந்தப் பக்கத்தில் ராஜநாகம் நடமாடுகிறது. அந்தச் செய்தி "இருபதடிப் பாம்பு" என்ற வதந்தியைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது. இந்தியாவில் நாம் பயன்படுத்தும் பொது நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது, ராஜநாகத்துக்காக அல்ல.

படத்தில் பெரிதாவது

இன்று பெரும்பாலான ராட்சதப் பாம்புகள் பிறப்பது கைப்பேசிப் படத்தில். காரணம் எளிது: கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். பாம்பு கேமராவிலிருந்து 1 மீட்டரில், அதைக் கம்பால் தூக்கிப் பிடித்தவர் 2 மீட்டரில் நின்றால், அவரோடு ஒப்பிடும்போது பாம்பு சரியாக இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆறடிப் பாம்பு பன்னிரண்டடி ஆகிவிடும். கம்பைக் கேமராவை நோக்கி நீட்டியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும், பாதிப் படங்கள் அங்கேயே விழுந்துவிடும். பொக்லைன் வாளியில் தொங்கும் பாம்புப் படங்களிலும் இதுவே நடக்கிறது.

அடுத்து இனம். "நம்ம சத்தியமங்கலம் காட்டில்" என்ற குறிப்போடு சுற்றும் காட்சிகள் பல மலேசியா, இந்தோனேசியா பக்கத்தவை. அங்குள்ள வலை மலைப்பாம்பு வேறு இனம், உலகிலேயே நீளமான பாம்பு. இந்தியாவில் நிக்கோபார் தீவுகளிலும் வடகிழக்கிலும்தான் அது உண்டு. தலை நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, செம்மஞ்சள் கண், உடலெங்கும் வலைப்பின்னல் போன்ற கோலம், பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது நம் ஊர்ப் பாம்பு அல்ல. நம் மலைப்பாம்பின் தலையில் ஈட்டி முனை போன்ற குறி இருக்கும். உடலில் பழுப்புத் திட்டுகள், தலை ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயல். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வாழும் தமிழர் சாக்கடை ஓரத்தில் பார்ப்பது அந்த வலை மலைப்பாம்பைத்தான். அவர்கள் சொல்லும் 15 அடியை நம் ஊர்க் கணக்கால் மறுக்கக் கூடாது.

யானையைப் பிடித்த மாசுணம்

கதைகளுக்கு வருவோம், பொருள் கொழுத்த இடம் இதுதான். பெரும்பாம்புக்குச் சங்கத் தமிழ் வைத்த பெயர் மாசுணம். நற்றிணையின் 261-ஆம் பாட்டில், நள்ளிரவு மழையில் ஒரு மாசுணம் களிற்றையே பிடித்து, வயிரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்துப் பிணித்துப் புரட்டுகிறது. மலைபடுகடாமோ வழிப்போக்கருக்குச் சொல்லும்போது, விழுந்து கிடக்கும் மரம்போல மாசுணம் கிடக்கும், விலகிப் போங்கள் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவது, காட்டுவழி நடந்தவரின் கண். சருகுக்குள் அசையாமல் கிடக்கும் மலைப்பாம்பு அப்படியேதான் இருக்கும், மிதிக்கும் வரை தெரியாது. முதலாவது, தலைவன் வரும் வழியின் அச்சத்தைக் காட்ட வந்த கற்பனை. பிறந்த யானைக் குட்டியே 100 கிலோவை ஒட்டி இருக்கும். அதை வளைக்கவோ விழுங்கவோ நம் மலைப்பாம்பால் ஆகாது.

ஆனால் அந்தக் கற்பனையின் ஒரு துண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. இரையை விழுங்கிய மலைப்பாம்பு மரத்தைச் சுற்றி முறுக்கி, உள்ளே இருக்கும் எலும்பை நொறுக்கும் என்று ஊர்களில் சொல்வார்கள். மரத்தோடு பிணித்தல் என்ற அதே காட்சி. உண்மையில் எலும்பை நொறுக்கத் தேவையே இல்லை, வயிற்று அமிலம் எலும்பையும் கரைத்துவிடும். மலைப்பாம்பு இரையைக் கொல்வதும் எலும்பை முறித்து அல்ல. இறுக்கும் இறுக்கில் இரையின் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. விழுங்கிய பிறகு நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் கூடித் தொந்தரவு செய்தால் இரையைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். "வயித்துல இருந்து ஆட்டை வெளியே எடுத்தோம்" என்ற செய்திகளின் பின்னணி இது.

மூச்சால் இழுக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. மலைப்பாம்பு வாயைத் திறந்து மூச்சை உள்ளே வாங்கினால் முயலும் ஆடும் தானாக வந்து விழும் என்பார்கள். இதற்குள்ளும் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது. மலைப்பாம்பு துரத்தாது, காத்திருக்கும். அதன் உதட்டுக் குழிகள் இரையின் உடல் சூட்டை இருட்டிலும் உணரும். பாய்ச்சல் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். ஆகவே பார்த்தவருக்கு, நடந்து வந்த முயல் திடீரென வாய்க்குள் போன மாதிரிதான் தெரியும்.

இப்போது அந்த யானைக்கு மறுபடி வருவோம். 1693-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் வெளியிட்ட விலங்கு நூலில், எருமைகளின் உறுப்புகளை நொறுக்கும் ஒரு பாம்பு இடம்பெற்றது. இலங்கையர் அதை "அனகண்டையா" என்பதாகக் குறிப்பு. 1768-இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்று, இலங்கையில் அந்தப் பாம்பு புலியைப் பிடித்து நொறுக்கிய "நேரடிக் காட்சியை" வெளியிட்டது. இலங்கைக் காட்டில் புலியே கிடையாது. அந்த ஒரு விவரத்திலேயே கதை உடைகிறது. ஆனால் பெயர் ஐரோப்பாவில் ஒட்டிக்கொண்டது, பின்னர் கடல் தாண்டித் தென் அமெரிக்கப் பாம்பின் தலையில் போய் அமர்ந்தது. அதுதான் அனகோண்டா. அந்தச் சொல்லின் வேர் "ஆனைக்கொன்றான்" போன்ற தமிழ்ச் சொல் என்று ஒரு சாராரும், பச்சைப் பாம்பைக் குறிக்கும் சிங்களச் சொல் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். எது சரியானாலும், அமேசான் பாம்பின் பெயர் நம் கடற்பக்கத்துக் கதையிலிருந்து கிளம்பியது என்பதில் இரு சாராரும் ஒத்துப்போகிறார்கள். இதைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.

நாடா வந்தவுடன் சுருங்குவது

உலகம் முழுக்க இதே கதைதான். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஜாவாத் தீவின் பூங்கா ஒன்றில் 14.85 மீட்டர் நீளம், 447 கிலோ எடை என்று ஒரு வலை மலைப்பாம்பைக் காட்சிக்கு வைத்தார்கள். செய்தியாளர் ஒருவர் நாடாவோடு போனார். நீளம் 6.5 முதல் 7 மீட்டருக்குள் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மை அளவு: போர்னியோவின் பாலிக்பாப்பான் அருகே, மயக்க மருந்து கொடுத்து முறையாக அளந்த காட்டு வலை மலைப்பாம்பு 6.95 மீட்டர் நீளம், 59 கிலோ எடை.

அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், 30 அடிப் பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்கு 1,000 டாலர் என்று தொடங்கிய பரிசு, நியூயார்க் விலங்கியல் சங்கத்தின் கையில் 50,000 டாலர் வரை ஏறியது. இருபதாம் நூற்றாண்டு முடியும் வரை ஒருவரும் அதை வாங்கவில்லை.

முப்பதடிப் பாம்புகள் இருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவை மண்ணுக்குள் இருக்கின்றன. கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா சுமார் 13 மீட்டர் என்று 2009-இல் கணித்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில், பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புத் துண்டுகளிலிருந்து 11 முதல் 15 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று 2024-இல் கணிக்கப்பட்ட பாம்புக்கு, பாற்கடல் கடைந்த கயிற்றின் பெயரையே வைத்தார்கள்: வாசுகி. சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பாம்பின் உடல் வெளிச் சூட்டை நம்பி ஓடுவது. பூமி இன்றைவிட வெம்மையாக இருந்த காலத்தில் அவ்வளவு பெரிய உடல் தாக்குப்பிடித்தது.

நேரில் கண்டால்

விலகி நில்லுங்கள், பாம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது. நஞ்சில்லாத மலைப்பாம்பும் கடிக்கும், பின்னோக்கி வளைந்த பற்கள் சதையைக் கிழிக்கும். நாய், கோழி, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, வனச்சரக அலுவலகத்தையோ 101-இல் தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் பட்டியலில் உள்ளது. பிடிப்பதும் அடிப்பதும் தோலை வைத்துக்கொள்வதும் குற்றம்.

அளக்க ஆசைப்பட்டு, தலையை ஒருவரும் வாலை ஒருவரும் பிடித்து இழுப்பதைப் பல காட்சிகளில் காணலாம். அது கொடுமை, பயனும் இல்லை. பாம்பு தசையை இறுக்கினால் அளவு குறையும், இழுத்தால் முதுகெலும்புக் கண்ணிகள் பிசகும். மீட்பவர்கள் பாம்பைப் பையில் போட்ட பிறகு பையோடு எடை போட்டு, பிறகு வெறும் பையைக் கழித்தால் எடை கிடைத்துவிடும். நீளத்துக்கு, விடும் இடத்தில் அது தானாக நகரும்போது அளவு குறித்த கம்பு ஒன்றைத் தரையில் பக்கத்தில் போட்டு, நேர் மேலிருந்து படம் எடுத்து, படத்தில் முதுகின் நடுக்கோட்டில் நூல் பிடித்து அளந்தால் போதும். மூன்று படங்களில் அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நம்பகம்.

சாலையில் அடிபட்டுச் செத்த பாம்பும் இழுபடும். கட்டுத் தளர்ந்த உடல் நீளும், அதனால் இழுக்காமல் தரையில் கிடத்தியே அளக்க வேண்டும். நஞ்சுள்ள பாம்பு என்றால் செத்த தலையும் சிறிது நேரம் கடிக்கும். கையால் தொடாதீர்கள்.

குறித்து வைக்கும்போது தேதி, நேரம், வெளிச்சம், இடம், சாலை என்றால் அதன் அகலம், பாம்பு என்ன செய்துகொண்டிருந்தது, தலை தெரிந்ததா, வால் தெரிந்ததா என்று எழுதுங்கள். வால் தெரியவில்லை என்றால் நீளத்துக்கு முன்னால் "குறைந்தது" என்று சேர்த்து எழுதுங்கள்.